தனிப்பட்ட ஹோதாவில் பேசுவது: ட்ராக் டூ என்றால் என்ன, அது எப்படி நடக்கிறது

2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தது பலருக்கும் படங்களாகத்தான் நினைவில் இருக்கும்: வேட்டி கட்டிய பிரதமர், அர்ஜுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை. அந்தச் சந்திப்புக்கு வைத்த பெயர் ‘முறைசாரா உச்சி மாநாடு’. இரண்டு பெரிய நாடுகளின் தலைவர்கள், ஊர் முழுக்கப் பாதுகாப்பு, வழியெல்லாம் தோரணம். இதில் முறைசாராதது எது?

காகிதம்தான். கூட்டறிக்கை கிடையாது. கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒப்பந்தம் கிடையாது. பேசி முடித்ததும் ஆளுக்கொரு குறிப்பை வெளியிட்டார்கள், அவ்வளவுதான். 2017-ல் டோக்லாமில் இரு படைகளும் 73 நாள் எதிரெதிரே நின்றன. அதன் பிறகு 2018 ஏப்ரலில் வூஹானில் தொடங்கிய ஏற்பாடு இது.

ராஜதந்திரத்தில் ‘முறைசாரா’ என்பது உடையையோ நாற்காலி போட்டிருக்கும் விதத்தையோ குறிப்பதில்லை. இங்கே சொன்னதை நாளைக்கு யாரும் ஆதாரமாக என் முகத்துக்கு நேரே நீட்ட மாட்டார்கள் என்ற உறுதியைத்தான் அது குறிக்கிறது. அந்த உறுதி இருந்தால் பிரதமர்களும் முறைசாராமல் பேசலாம். அது இல்லையென்றால் நான்கு பேர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் அது அதிகாரபூர்வக் கூட்டம்தான்.

ஒன்று, இரண்டு, ஒன்றரை

அரசும் அரசும் பேசுவது ட்ராக் ஒன்று. அரசில் இல்லாதவர்கள் பேசுவது ட்ராக் டூ. பேராசிரியர்கள், ஓய்வுபெற்ற தூதர்கள், முன்னாள் தளபதிகள், பத்திரிகையாளர்கள் எல்லாம் இதில் வருவார்கள். இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது, 1981-ல் அமெரிக்க வெளியுறவு அதிகாரி ஜோசப் மான்ட்வில், மனநல மருத்துவர் வில்லியம் டேவிட்சனோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை. மனநல மருத்துவருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். எதிராளியைப் பற்றிய பயமும் கற்பனையும் ஆயுதக் கணக்கைப் போலவே சண்டையை நடத்துகின்றன என்பதுதான் அவர்கள் வாதம்.

இரண்டுக்கும் நடுவில் ட்ராக் ஒன்றரை இருக்கிறது. பதவியில் இருக்கும் அதிகாரிகளே வருவார்கள், ஆனால் ‘தனிப்பட்ட ஹோதாவில்’ வந்திருப்பதாகச் சொல்வார்கள். கேட்பவர் யாரும் நம்புவதில்லை. நம்புவது போல நடந்துகொள்வதுதான் ஏற்பாடு. 1993-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்திலிருந்து தொடங்கிய வடகிழக்கு ஆசிய ஒத்துழைப்பு உரையாடல் இதற்கு நல்ல மாதிரி. அமெரிக்கா, சீனா, ரஷ்யா, ஜப்பான், தென் கொரியா, வட கொரியா என்று ஆறு நாடுகளுக்கும் இடம். ஒரு நாட்டுக்கு வெளியுறவு அமைச்சக அதிகாரி ஒருவர், பாதுகாப்பு அமைச்சக அதிகாரி ஒருவர், சீருடைப் படை அதிகாரி ஒருவர், கல்வியாளர் இருவர். இந்தக் கலவை தற்செயல் அல்ல. அதிகாரிகள் மட்டும் இருந்தால் பழைய நிலைப்பாட்டையே ஒப்பிப்பார்கள். கல்வியாளர்கள் மட்டும் இருந்தால் பேச்சு அருமையாக இருக்கும், ஆனால் எந்த அமைச்சகத்துக்கும் போய்ச் சேராது.

இப்படி ஒரு சுற்றுவழி எதற்கு? அதிகாரபூர்வ மேசையில் கேள்விகூட ஒரு சலுகை ஆகிவிடும் என்பதால். “அந்தத் திட்டுக்கு ஆறு மாதம் நாங்கள் ரோந்து அனுப்பாமல் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று ஒரு தூதர் கேட்டால், ‘ரோந்தை நிறுத்தத் தயார்’ என்று எதிர்த்தரப்பு குறித்துக்கொள்ளும். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் ‘விட்டுக்கொடுத்தார்’ என்று வரும். அதே கேள்வியை ஒரு பேராசிரியர் கேட்டால் அது வெறும் கேள்விதான். ‘ஒருவேளை இப்படி என்றால்’ என்று தொடங்கும் வாக்கியங்களுக்கான இடம்தான் ட்ராக் டூ.

தென்சீனக் கடலில் ஒரு பட்டறை

1988 மார்ச்சில் ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டத்தில் சீனக் கடற்படையும் வியட்நாம் வீரர்களும் மோதியதில் வியட்நாம் தரப்பில் 64 பேர் இறந்தார்கள். தீவுகளுக்கும் திட்டுகளுக்கும் உரிமை கோருவோர் ஆறு தரப்பு: சீனா, தைவான், வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருனே. இவர்களை ஒரே மேசைக்கு எப்படிக் கொண்டுவருவது? அதிகாரபூர்வமாக முடியவே முடியாது. தைவானை ஓர் அரசாக மதித்து உட்காரவைக்கும் எந்தக் கூட்டத்துக்கும் சீனா வராது. தைவானை விட்டுவிட்டால், ஸ்ப்ராட்லியின் இயற்கைத் தீவுகளிலேயே பெரியதான இட்டு அபாவை ஆள்பவர் இல்லாத கூட்டமாகிவிடும்.

இந்தோனேசியத் தூதர் ஹாஷிம் ஜலால் கண்ட வழி, கூட்டத்துக்குப் ‘பட்டறை’ என்று பெயர் வைப்பது. அந்தத் தீவுகளுக்கு இந்தோனேசியா உரிமை கோரவில்லை, அதனால் அழைக்கும் தகுதி அதற்கு இருந்தது. பணம் கனடாவின் வளர்ச்சி உதவி அமைப்பிடமிருந்து, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் வழியாக வந்தது. முதல் கூட்டம் 1990 ஜனவரியில் பாலியில், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் அன்றைய ஆறு உறுப்பினர்களோடு மட்டும் நடந்தது. இதைக் கவனிக்க வேண்டும்: முதலில் சொந்த வட்டத்துக்குள் பேசி ஒரு பொது மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். 1991 ஜூலையில் பாண்டுங்கில் நடந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் சீனா, தைவான், வியட்நாம், லாவோஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் தனிப்பட்ட ஹோதாவில். அதனால் பெய்ஜிங்கும் தைபேயும் ஒரே அறையில் உட்கார முடிந்தது.

தீவு யாருக்கு என்ற கேள்வியை ஜலால் மேசைக்கே வரவிடவில்லை. கடல் ஆய்வு, சுற்றுச்சூழல், கப்பல் பாதுகாப்பு, மீன்வளம் என்று யாருக்கும் வலிக்காத இடங்களில் தொழில்நுட்பக் குழுக்களை வைத்தார். பல ஆண்டு பேசியதன் கண்ணுக்குத் தெரியும் பலன்களில் ஒன்று, 2002-ல் அனம்பாஸ் தீவுகளைச் சுற்றி நடந்த கூட்டு உயிரியல் ஆய்வுப் பயணம். தகராறே இல்லாத இந்தோனேசியக் கடலை அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். ‘பூ, இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஆனால் பாண்டுங்கில் ஒப்புக்கொண்ட வரிகளை, அதாவது பலத்தைப் பயன்படுத்தக் கூடாது, நிதானம் காக்க வேண்டும் என்பவற்றை, 1992 ஜூலையில் மணிலாவில் ஆசியான் வெளியிட்ட தென்சீனக் கடல் பிரகடனத்தில் பார்க்கலாம். 2002 நவம்பரில் நோம்பென்னில் சீனாவும் ஆசியானும் கையெழுத்திட்ட நடத்தைப் பிரகடனத்திலும் அதே சாயல் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பட்டறைகள் நடந்துகொண்டிருந்தபோதுதான், பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் திட்டில் சீனா கட்டுமானம் எழுப்பியது 1995-ல் தெரியவந்தது. பேச்சு யாரையும் தடுக்கவில்லை. 2001-ல் கனடாவின் பணமும் நின்றது. மூன்றாம் தரப்புப் பணத்தில் நடக்கும் பேச்சுக்கு அந்த நாட்டின் பட்ஜெட்தான் ஆயுள்.

அறைக்குள் என்ன நடக்கிறது

25 பேர் என்பது நல்ல எண்ணிக்கை. கணக்கு எளிது. ஓர் அமர்வு 90 நிமிடம். தொடக்கமாக இருவர் பத்துப் பத்து நிமிடம் பேசினால் மிச்சம் 70. ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 23 பேச்சுகள். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லி, அதற்கு மறுபதில் வர இதில் இடமுண்டு. 40 பேரைக் கூட்டினால் எல்லோருக்கும் ஒரு முறை பேசக்கூட நேரம் போதாது. ஒரே வாய்ப்பு என்று தெரிந்ததும் ஆள் எழுதிவந்த தாளை எடுத்துவிடுவார். அடுத்தடுத்து மொழிபெயர்க்க வேண்டியிருந்தால் நேரம் பாதியாகிவிடும். அப்போது 12 பேருக்கு மேல் கூட்டாமல் இருப்பதே நல்லது.

மேசையில் கொடி இருக்காது. பெயர் அட்டையில் பெயர் மட்டும் இருக்கும். உட்காரும் வரிசை நாட்டின்படி இல்லாமல் பெயரின் அகர வரிசையில் அமையும். ஒரே நாட்டுக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பேசுவார்கள், மூத்தவர் முகம் சுளித்ததும் இளையவர் நிறுத்திக்கொள்வார். பேச வேண்டுபவர் கை தூக்குவதில்லை, பெயர் அட்டையைச் செங்குத்தாக நிமிர்த்தி வைப்பார். தலைவர் வரிசையைக் குறித்துக்கொண்டு கூப்பிடுவார். முன்பு பேசியவருக்கு உடனே பதில் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு விரலைக் காட்டலாம், அதற்கு வரிசையை உடைத்து ஒரு நிமிடம் கிடைக்கும். தேநீர் இடைவேளை அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. உண்மையான விஷயம் பெரும்பாலும் அங்கேதான் கைமாறும். அதனால்தான் நகர நடுவில் உள்ள ஹோட்டலைவிட, எளிதில் வெளியே போக முடியாத இடத்தைத் தேடுகிறார்கள். 1991-ல் இந்திய-பாகிஸ்தான் ட்ராக் டூ உரையாடல் தொடங்கியது ராஜஸ்தானின் நீம்ரானா கோட்டையில். அந்த ஊரின் பெயரே அந்த உரையாடலுக்கும் ஆயிற்று.

இடத் தேர்வில் இன்னொரு அற்பமான காரணம் பெரிய விஷயங்களை முடிவுசெய்யும்: விசா. இந்தியரும் பாகிஸ்தானியரும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போவதைவிட மூன்றாவது நாட்டுக்குப் போவது சுலபம். பாங்காக் போன்ற ஊர்கள் இதில் அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இரு நாட்டு நிபுணர்களின் இன்னொரு தொடருக்கு, பாங்காக் வழியாக ஓடும் ஆற்றின் பெயரில், சாவ் பிரயா உரையாடல் என்றே பெயர்.

பேசுவதற்கான விதி லண்டனிலிருந்து வந்தது. அங்குள்ள சர்வதேச விவகார ஆய்வு நிறுவனமான சாட்டம் ஹவுஸ் 1927-ல் உருவாக்கி, 1992-லும் 2002-லும் திருத்திய விதி அது. எல்லோரும் பன்மையில் ‘விதிகள்’ என்பார்கள், இருப்பது ஒன்றே ஒன்றுதான். அறையில் கேட்டதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர், வேறு யாரெல்லாம் வந்திருந்தார்கள் என்பதை வெளியிடக் கூடாது. ‘எதையுமே வெளியே சொல்லக் கூடாது’ என்று பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். “ரோந்துக் கப்பல்களுக்கு இடையே நேரடித் தொலைபேசி வேண்டும் என்ற கருத்து எழுந்தது” என்று எழுதலாம். “மணிலாவிலிருந்து வந்தவர் சொன்னார்” என்று எழுதக் கூடாது. “ஒரு கடற்படை அதிகாரி சொன்னார்” என்பது சரியா? அறையில் பத்துக் கடற்படை அதிகாரிகள் இருந்தால் சரி. ஒரே ஒருவர் இருந்தால் அதுவே அவர் பெயரைச் சொன்ன மாதிரிதான். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்.

எழுத்தில் ஏதாவது கைமாற வேண்டுமென்றால் அதற்கு ‘நான்-பேப்பர்’ உண்டு. தலைப்புத்தாள் இல்லை, தேதி இல்லை, கையெழுத்து இல்லை, முகவரி இல்லை. வெறும் வெள்ளைத்தாளில் அச்சடித்த இரண்டு பக்கம். இந்த ‘நான்’ ஆங்கில ‘நான்’. தமிழ் ‘நான்’ என்று படித்துவிட்டால் பொருள் நேர் எதிராகிவிடும். ‘இதை எழுதியது நான் இல்லை’ என்பதுதான் அந்தத் தாளின் சாரமே.

ஊர் திரும்பிய வாரத்துக்குள் ஒவ்வொருவரும் தன் அமைச்சகத்துக்கோ அமைச்சகத்தில் தெரிந்தவருக்கோ ஒரு குறிப்பு எழுதுவார். கூட்டத்தின் உண்மையான விளைபொருள் அதுதான். நல்ல குறிப்பு யார் என்ன சொன்னார் என்று அடுக்காது. போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியது என்று சொல்லும். சென்ற ஆண்டு ‘சாத்தியமே இல்லை’ என்றவர் இந்த ஆண்டு ‘இது அதற்கான நேரமில்லை’ என்றால், அந்த ஒரு சொல் மாற்றத்துக்காகவே விமானச் செலவு தகும். அதனால்தான் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறினால் ஒப்பிட எதுவும் இருக்காது. ஆளே மாறாவிட்டாலோ அது பழைய நண்பர்கள் சங்கமாகிவிடும். எழுபது வயதைத் தாண்டியவர்கள் 1980-களின் கதையையே பேசிக்கொண்டிருப்பார்கள், போன் போட்டுச் சொல்ல அமைச்சகத்தில் அவர்களுக்குத் தெரிந்தவர் யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு புதியவர் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு.

எங்கே முறிகிறது

பேச்சு முறிவதற்கு அறைக்குள் நடக்கும் சண்டை அரிதாகவே காரணம். அறையில் பிறந்த யோசனை தலைநகருக்குப் போய்ச் சேராததுதான் அடிக்கடி நடப்பது.

1982 ஜூலை 16. ஜெனீவாவில் ஐரோப்பிய ஏவுகணைகள் பற்றிய அமெரிக்க-சோவியத் பேச்சு நகராமல் நின்றிருந்தது. அமெரிக்கத் தரப்பின் பால் நிட்ஸும் சோவியத் தரப்பின் யூலி க்விட்சின்ஸ்கியும், ஜெனீவாவுக்கு மேலே ஜூரா மலைப் பக்கம் சான் செர்க் அருகே, தங்கள் குழுக்கள் இல்லாமல் நடக்கப் போனார்கள். மரக்கட்டை ஒன்றில் உட்கார்ந்து நிட்ஸ் எழுதிவைத்திருந்த திட்டத்தைப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் இரு தரப்புக்கும் தலா 75 நடுத்தர ஏவுகணைச் செலுத்திகள். அமெரிக்கா பெர்ஷிங்-2 ஏவுகணைகளைக் கொண்டுவராது. சோவியத் ஆசியப் பகுதியில் வைத்திருக்கும் எஸ்எஸ்-20 ஏவுகணைகளைக் கூட்டாது. இருவருக்கும் சரி என்று பட்டது. ஆனால் யாருடைய அரசும் இதைக் கேட்டு அனுப்பியிருக்கவில்லை. வாஷிங்டன் மறுத்தது, மாஸ்கோவும் மறுத்தது. அந்த ஏவுகணை வகைகளை முழுதாக ஒழிக்கும் ஒப்பந்தம் 1987 டிசம்பரில்தான் வந்தது. திட்டம் மோசமில்லை. ஆனால் அதை வளர்த்த இருவரைத் தவிர வேறு யாரும் அதைத் தன் பிள்ளையாக நினைக்கவில்லை.

எதிர்மாறாகவும் நடக்கும், அறை தயாராக இருந்தும் அரசு வேண்டாம் என்றுவிடும். 2006 ஏப்ரலில் வட கொரிய அணு ஆயுதம் பற்றிய ஆறு தரப்புப் பேச்சு முடங்கியிருந்தபோது, முன்பு சொன்ன வடகிழக்கு ஆசிய உரையாடல் டோக்கியோவில் கூடியது. ஆறு நாடுகளுக்காகவும் அந்தப் பேச்சை நடத்தும் தலைமைப் பிரதிநிதிகளும் வந்துவிட்டார்கள். இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. ஆனால் வட கொரியாவின் கிம் கே-குவானும் அமெரிக்காவின் கிறிஸ்டோபர் ஹில்லும் தனியாகச் சந்திக்கவில்லை. அமெரிக்காவின் நிதித்தடை நீங்காமல் பேச்சுக்குத் திரும்ப மாட்டோம் என்றது வட கொரியா. பேச்சுக்குத் திரும்பாமல் தனிச் சந்திப்பு கிடையாது என்றது அமெரிக்கா. அதே ஆண்டு அக்டோபரில் வட கொரியா தன் முதல் அணு வெடிப்புச் சோதனையை நடத்தியது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பாக் நீரிணை மீன்பிடித் தகராறு பற்றி இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகள் 2014 ஜனவரியில் சென்னையிலும், அதே ஆண்டு மே மாதம் கொழும்பிலும், 2015 மார்ச்சில் மறுபடி சென்னையிலும் பேசினார்கள். ட்ராக் டூ என்று யாரும் பெயரிடவில்லை, ஆனால் எலும்பும் நரம்பும் அதுதான். இரு பக்கமும் பேசியவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழே தாய்மொழி, மொழிபெயர்ப்பில் எதுவும் தவறிப்போக வழியில்லை. கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியை உடனே நிறுத்துங்கள் என்றது வடஇலங்கைத் தரப்பு. படிப்படியாக நிறுத்த சில ஆண்டு அவகாசம் கொடுங்கள் என்றது தமிழ்நாட்டுத் தரப்பு. ஒருவரை ஒருவர் கச்சிதமாகப் புரிந்துகொண்டார்கள். அதற்கு மேல் நகர, விசைப்படகுகளுக்கு மாற்றுத் தொழிலும் அதற்கான பணமும் வேண்டும். அதைக் கொடுக்கும் அதிகாரம் மேசையில் இருந்த மீனவர்கள் யாரிடமும் இல்லை. புரியாமல் நடக்கும் சண்டைக்குத்தான் ட்ராக் டூ மருந்து. நன்றாகப் புரிந்துகொண்டே நடக்கும் சண்டையில் அது செய்யக்கூடியது குறைவு.

செய்தியில் பார்க்கும்போது

‘மாநாட்டின் இடையே அதிகாரிகள் முறைசாரா முறையில் சந்தித்தனர்’ என்று ஒரு வரி வந்தால், முதலில் பார்க்க வேண்டியது வந்தவர்களின் பதவியை. இணைச் செயலாளர் அளவில் என்றால் வெள்ளோட்டம். வெளியுறவுச் செயலாளரே வந்தால் பெயர் எதுவானாலும் அது ட்ராக் ஒன்று. அடுத்து, அழைத்தவர் யார், பணம் யாருடையது என்று பார்க்க வேண்டும். கடைசியாக, எத்தனை அறிக்கை வந்தது என்பது. இது பல நேரம் மற்ற இரண்டையும்விட அதிகம் சொல்லும்.

குவாட் இதற்கு ஏற்ற பாடம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தை ஒருங்கிணைக்க இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா நான்கும் சில நாட்கள் ஒரு குழுவாக இயங்கின. அடுத்த மாதமே அது கலைந்தது. 2007 மே மாதம் மணிலாவில் ஆசியான் பிராந்திய மன்றக் கூட்டத்தையொட்டி அந்த நான்கு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து பேசினார்கள். அறிவித்த நிகழ்ச்சி நிரல் எதுவும் இல்லை. அப்படியிருந்தும், இந்தக் கூட்டத்தின் நோக்கம் என்ன என்று கேட்டு நான்கு தலைநகரங்களுக்கும் சீனாவிடமிருந்து ராஜதந்திரக் குறிப்பு போனது. 2008-ல் ஆஸ்திரேலியா விலகிக்கொண்டது, விஷயம் அடங்கிப்போனது.

2017 நவம்பரில் அதே மணிலாவில் அதிகாரிகள் மறுபடி கூடினார்கள். அன்று குவாட் பெயரில் ஓர் அறிக்கை வரவில்லை. நான்கு நாடுகளும் நான்கு தனித்தனி அறிக்கைகளை வெளியிட்டன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒன்றில் அழுத்தமாக இருக்கும் சொல் இன்னொன்றில் இல்லாமலே இருப்பது தெரியும். நான்கிலும் பொதுவாக இருந்த சொற்கள் அன்றைக்கு ஒத்துப்போன இடம். விட்டுப்போன சொற்கள் அடுத்த கூட்டத்துக்கான வேலை. நான்கு நாட்டுத் தலைவர்களும் சேர்ந்து ஒரே அறிக்கை வெளியிட 2021 மார்ச் வரை ஆயிற்று.